வாணியாற்றுக் கிணறும் ஆய்வுக் கட்டுரையின் வகைகளும்

சேர்வராயன் மலையில் தோன்றி, முள்ளிக்காட்டை அடுத்த அணையில் தேங்கி, பின் தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பகுதிகளின் வழியே ஓடித் தென்பெண்ணையில் கலக்கும் வாணியாற்றின் வடிநிலம், நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகளுள் ஒன்றாக ஆய்வுலகில் அறியப்பட்டிருக்கிறது. புளோரைடு என்பது புளோரின் என்னும் தனிமம் நீரில் கரைந்து நிற்கும் வடிவம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்னும் தரவிதி கூறுகிறது. அந்த அளவைத் தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவிக் கறை படிகிறது. மிக அதிக அளவில் பல்லாண்டு குடித்தவர்களுக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போகின்றன. இப்பாதிப்புகளே புளோரோசிஸ் எனப்படுகின்றன. இந்த ஒரே சிக்கலைப் பற்றி நிலவேதியியலார் ஒரு விதமாகவும், மருத்துவர் வேறு விதமாகவும், கணினியில் நிலப்படம் வரைவோர் மற்றொரு விதமாகவும், அரசுத் துறையினர் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கின்றனர். சுற்றுச்சூழல் அறிவியலில் வெளியாகும் எழுத்து எத்தனை வகைப்படும் என்று பெயர்களை அடுக்குவது எளிது. ஆனால் ஒவ்வொரு வகையும் எந்தக் கேள்விக்கு விடை தரும் தகுதி உடையது, எந்த இடத்தில் அதன் எல்லை முடிகிறது என்பதை அறிந்தவருக்கே அந்தப் பெயர்ப் பட்டியல் பயன்படும். நாளிதழ்களில் வழங்கும் "ஆய்வில் தகவல்" என்ற தலைப்பு இவ்வேறுபாடுகள் அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

இவ்வெழுத்துகளில் தொகையால் மிகுந்தது மூல ஆய்வுக் கட்டுரையாகும். ஆய்வாளர் தாமே களத்தில் திரட்டிய தரவை, அதைத் திரட்டிய முறையோடும், அதிலிருந்து பெற்ற முடிவோடும், அம்முடிவு பற்றிய விவாதத்தோடும் முதன்முறையாக வெளியிடும் கட்டுரை அது. இதழாசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த வேறு சிலரிடம் அனுப்பி, அவர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு விடை பெற்ற பின்னரே அச்சேற்றுவார் என்பது மரபு. இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்று பெயர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையைச் சேர்ந்த எல். இளங்கோவும் அவருடன் பணியாற்றியோரும் 2015இல் 'என்விரான்மென்டல் எர்த் சயின்சஸ்' இதழில் வெளியிட்ட, வாணியாற்று வடிநிலத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை ஆராய்ந்த கட்டுரை இவ்வகைக்கு அண்மையிலேயே கிடைக்கும் சான்றாகும். நீரில் கரைந்துள்ள சோடியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு முதலிய முதன்மை அயனிகளின் அளவுகளை வைத்துக்கொண்டு, பாறைக்கும் நீருக்கும் இடையே நிலத்தடியில் நடந்த வேதிவினைகளைப் பின்னோக்கி ஊகிப்பதே அக்கட்டுரையின் வழி. மின்னேற்றம் பெற்ற அணுவோ அணுத்தொகுதியோ அயனி எனப்படும்.

அந்த ஊகம் நிற்கும் அடிப்படை சற்று விரித்துச் சொல்லத்தக்கது. இப்பகுதியின் அடிப்பாறை சார்னோகைட்டும் நைஸ் வகைப் பாறையுமாகும். அவற்றிலுள்ள ஹார்ன்பிளெண்டு, கருமைக்கா, அப்படைட்டு ஆகிய கனிமங்கள் தம் அமைப்புக்குள் புளோரைடைத் தாங்கியிருக்கின்றன. பாறை சிதையும்போது சோடியமும் பைகார்பனேட்டும் நீரில் பெருகிக் காரத்தன்மை கூடுகிறது. காரநீரில் உள்ள ஹைட்ராக்சைடு அயனி, ஏறத்தாழத் தன் பருமனே கொண்ட புளோரைடை வெளியேற்றிவிட்டுக் கனிமத்தில் தான் இடம்பிடிக்கிறது. வெளிவந்த புளோரைடு கால்சியத்தைச் சந்தித்தால் கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும் என்பதால், கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு ஓரளவுக்கு மேல் உயர இயலாது. வறண்ட நிலத்தில் நீர் ஆவியாகும்போது கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து நீரைவிட்டு நீங்குவதால் அந்தத் தடை விலகிவிடுகிறது. வாணியாற்றுப் பகுதியில் கிணற்று மேட்டிலும் வயலோரத்திலும் காணும் வெண்ணிறச் சுண்ணாம்புக் கட்டிகளும் குடத்து நீரின் புளோரைடும் இவ்வாறு ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களாகலாம். கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரிலேயே புளோரைடு உயர்கிறது என்னும் இவ்வுறவை இந்தியாவின் பல பகுதி நீர்களைக் கொண்டு பி. கே. ஹாண்டா 1975இலேயே 'கிரவுண்ட் வாட்டர்' இதழில் எழுதியிருந்தார். நாற்பது ஆண்டு கழித்து ஒரு சிற்றாற்றின் வடிநிலத்தில் அதே உறவைச் சோதிப்பது வீண் உழைப்பாகாது. பொதுவிதி ஒன்று குறிப்பிட்ட ஊரின் கிணற்றில் பொருந்துகிறதா என்பதை அந்தக் கிணற்றில் இறங்கித்தான் அறிய முடியும்.

இத்தகைய கட்டுரையைக் கையில் எடுக்கும் வாசகர் முதலில் பார்க்க வேண்டியது முடிவுரை அன்று, முறையியல் பகுதி. நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஒத்திருக்க வேண்டும், வேறுபாடு பொதுவாக நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது என்பது நீர்வேதியியலின் பழைய சோதனை. அது குறிப்பிடப்படாத கட்டுரையில் அளவீடு சரிதானா என்று அறிய வழியில்லை. மாதிரி ஒரு முறை எடுக்கப்பட்டதா, பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்டதா, திறந்த கிணற்றிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா என்பனவும் அங்கேதான் இருக்கும். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய நிலத்தடி நீர் பற்றிய கட்டுரைகளில் ஒரு பெரும்பகுதி ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவையாகத் தோற்றமளிக்கின்றன. வட்டத்தின் பெயரையும் எண்களையும் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். ஏ. எம். பைப்பர் 1944இல் வகுத்த வரைபடமும், ஆர். ஜே. கிப்ஸ் 1970இல் வெளியிட்ட வரைபடமும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இடம்பெறுகின்றன. பைப்பரின் படம் நீரை வேதியமைப்பால் வகைப்படுத்துவது, ஆகவே எங்கும் பொருந்தும். கிப்ஸ் வரைந்ததோ உலகின் ஆறு, ஏரி முதலிய மேற்பரப்பு நீரின் தன்மையை மழை, பாறை, ஆவியாதல் ஆகிய மூன்றில் எது தீர்மானிக்கிறது என்று காட்டுவதற்காக. அதை ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பொருத்திப் பார்த்துவிட்டு, "பாறையின் தாக்கம் புலப்படுகிறது" என்று முடிப்பது, கடினப்பாறைக்குள்ளிருந்து வந்த நீரைப் பற்றி எவரும் முன்பே சொல்லியிருக்கக்கூடியதை மீண்டும் சொல்வதேயாகும்.

நீர் மாதிரியை ஆராயும் கட்டுரை மனித உடலைப் பற்றிப் பேச முனையும்போது அதன் தகுதி குறைகிறது. அங்கே மருத்துவ எழுத்தின் வகைகள் வேண்டும். இந்தியாவில் புளோரைடு பற்றிய அவ்வகை எழுத்தின் தொடக்கம் சென்னை மாகாணத்தில்தான். அப்போது அம்மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் முதுகும் கழுத்தும் வளையாமல் விறைத்துப்போன மக்களின் நோய்க்குக் குடிநீரின் புளோரைடே காரணம் என்று ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, நாயர் ஆகியோர் 1937இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதினர். இவர்களுள் பர்னார்டின் பெயர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் கதிரியக்கவியல் நிலையத்தில் இன்றும் வழங்குகிறது. நோயாளர் சிலரை நுணுக்கமாக ஆராய்ந்து, அவர்களின் எலும்பு எக்ஸ்ரே படங்களையும் நோய்க்குறிகளையும் விரித்துரைப்பது நோயாளர் விவர அறிக்கை எனப்படும். எத்தனை பேருக்கு அந்நோய் உண்டு என்பதை அது சொல்லாது. ஆனால் அப்படி ஒரு நோய் உண்டு என்பதையே அறியாத காலத்தில் அதைவிட மதிப்புள்ள எழுத்து வேறொன்று இல்லை. நோய் இன்னதென்று தெரிந்த பின் எண்ணிக்கை தேவைப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஊரிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் பல்லையும் பார்த்து, எச். டி. டீன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1934இல் வகுத்து 1942இல் திருத்திய கறைநிலை அளவுகோலால் தரம்பிரித்து, அவ்வூர் நீரின் புளோரைடு அளவோடு ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. இதில் காரணமும் விளைவும் ஒரே நாளில் அளக்கப்படுவதால், எது முந்தியது என்பதை ஆய்வே நிறுவ இயலாது. பல் கறையைப் பொறுத்தவரை இக்குறை பெரிதன்று, ஏனெனில் காரணம் வேறு வழிகளில் உறுதியாகிவிட்டது. மூளை வளர்ச்சி போன்ற பொருளில் அதே குறை மிகப் பெரிதாகிறது. அது கீழே வருகிறது.

நீரிலிருந்து புளோரைடை நீக்குவது பற்றிய எழுத்து செய்முறைக் கட்டுரை என்னும் வகையைச் சாரும். நாக்பூரிலுள்ள நீரி என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கலந்து புளோரைடைப் படியவைக்கும் முறையை உருவாக்கியது. அது நல்கொண்டா முறை என்று பெயர்பெற்றது. செய்முறைக் கட்டுரையின் ஒரே உரைகல் மற்றவர் அதைப் படித்துத் தாமே செய்ய முடிகிறதா என்பதே. ஆய்வகத்தில் தொண்ணூறு விழுக்காடு நீக்கியதாகக் கூறும் புதுப்புது உறிஞ்சுபொருள்கள் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிகின்றன; அவற்றில் பெரும்பாலானவை வாலை வடிநீரில் புளோரைடு உப்பைக் கரைத்துச் செய்த சோதனைகள். பைகார்பனேட் நிறைந்த உண்மையான போர்த் தண்ணீரில், தேய்ந்துபோன உறிஞ்சுபொருளை எங்கே கொட்டுவது என்ற கேள்வியோடு சேர்த்துச் சோதித்தவையே கவனத்துக்குரியவை.

கணிப்பு மாதிரிக் கட்டுரை வேறொரு பாதையில் செல்கிறது. சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் பொட்கோர்ஸ்கியும் பிறரும் 2018இல் 'என்விரான்மென்டல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி' இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்தியா முழுவதிலுமிருந்து கிடைத்த ஏறத்தாழ 12,600 புளோரைடு அளவீடுகளையும், பாறை, மண், மழை, வெப்பம் முதலியவற்றின் நிலப்படங்களையும் கணினிக்குக் கொடுத்து, அளவீடே இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராமைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்தது. பல நூறு முடிவு மரங்களைத் தனித்தனியே வளர்த்து அவற்றின் வாக்குகளைக் கூட்டிப் பார்க்கும் எந்திரக் கற்றல் முறை அதில் கையாளப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 12 கோடிப் பேர் இடருக்கு ஆளாகியிருக்கலாம் என்பது அக்கட்டுரையின் மதிப்பீடு. எந்த மாவட்டத்தில் முதலில் சோதனை நடத்துவது, பணத்தை எங்கே ஒதுக்குவது என்று தில்லியிலோ சென்னையிலோ இருந்து முடிவெடுப்பவருக்கு இது பொன்னானது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு குடும்பம் தன் போர்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டால் இப்படத்தில் விடை கிடையாது. கடினப்பாறை நிலத்தில் நூறடி தள்ளிப் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் வெவ்வேறு பாறை வெடிப்புகளிலிருந்து நீர் பெற்று, வெவ்வேறு அளவு புளோரைடு காட்டுவது உண்டு.

பிறர் வெளியிட்டவற்றைத் திரட்டி மதிப்பிடும் எழுத்து மீளாய்வுக் கட்டுரை. இதிலும் நிலைகள் உண்டு. துறையறிந்த ஒருவர் தமக்குத் தெரிந்தவற்றைத் தொகுத்து எழுதுவது விவரண மீளாய்வு. தேர்வு அவருடையது என்பதால் சார்பும் அவருடையதே. எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால் தேடினோம், எவற்றை எக்காரணத்தால் ஒதுக்கினோம் என்று முன்கூட்டியே விதி வகுத்து, அவ்விதியை வெளியிட்டுவிட்டு நடத்துவது முறைசார் மீளாய்வு. அவ்வாறு திரண்ட ஆய்வுகளின் எண்களைப் புள்ளியியலால் ஒன்றாக்கி ஒரே மதிப்பீடு காண்பது தொகுப்புப் பகுப்பாய்வு. சான்றுகளின் உச்சியில் இதை வைப்பது வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே ஏற்பது ஆபத்து என்பதற்குப் புளோரைடே எடுத்துக்காட்டாகிறது. குழந்தைகளின் அறிவுத்திறன் எண்ணுக்கும் புளோரைடுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2025 ஜனவரியில் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' வெளியிட்ட தொகுப்புப் பகுப்பாய்வு 74 ஆய்வுகளைச் சேர்த்திருந்தது. அவற்றில் 64 குறுக்குவெட்டு ஆய்வுகள். குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த தொடர்குழு ஆய்வுகள் பத்தே. 52 ஆய்வுகள் சார்புப் பிழைக்கு மிகுந்த வாய்ப்புடையவை என்று கட்டுரையாளர்களே மதிப்பிட்டிருந்தனர். மிகுதியானவை சீனாவிலும் அடுத்து இந்தியாவிலும், அதாவது இயற்கையாகவே நீரில் புளோரைடு மிகுந்த ஊர்களில் நடந்தவை. புளோரைடு மிகுந்த ஊர் பெரும்பாலும் வறண்ட ஊர், வறண்ட ஊர் பெரும்பாலும் ஏழை ஊர். பிள்ளைகளின் சத்துணவும் பள்ளியும் தாயின் கல்வியும் அங்கே சேர்ந்தே வேறுபடுகின்றன. இவற்றைப் பிரித்தெடுக்காத நாற்பது ஆய்வுகளைக் கூட்டினாலும் அக்குறை கூட்டுத்தொகையில் தங்கிவிடும். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் இதே பொருளில் வெளியிட்ட நூல், 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பற்றி மட்டும் நடுத்தர உறுதியோடு தொடர்பு உண்டு என்று கூறி, அமெரிக்க நகரங்களில் பல் நலனுக்காகச் சேர்க்கப்படும் 0.7 மில்லிகிராம் அளவு பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்று நிறுத்திக்கொண்டது. அங்கே இது அரசியல் வழக்காகிவிட்டது. தருமபுரிக்கு அந்த வழக்குப் பொருந்தாது. இங்குள்ள கேள்வி நீரில் சேர்ப்பதா என்பதன்று, நிலமே சேர்த்துவைத்ததை எப்படி விலக்குவது என்பது.

திருத்தம் என்னும் சிறு வகை, நூலகப் பட்டியல்களில் கடைசியில் வரும். ஆனால் அறிவியலின் நாணயம் அதில்தான் வெளிப்படுகிறது. கறுப்பு நெகிழியாலான சமையலறைக் கரண்டிகளில் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் இருப்பதாக 2024இல் 'கீமோஸ்பியர்' இதழில் வந்த கட்டுரை உலகெங்கும் செய்தியானது. உடல் எடையில் கிலோவுக்கு 7,000 நானோகிராம் என்ற நச்சுவரம்பை 60 கிலோ எடையுள்ளவருக்குப் பெருக்கியபோது 4,20,000 என்று வரவேண்டியது 42,000 என்று எழுதப்பட்டிருந்ததால், கரண்டியிலிருந்து உடலுக்குச் செல்லும் ஏறத்தாழ 34,700 நானோகிராம் வரம்பை நெருங்கிவிட்டதாகத் தோன்றியது. உண்மையில் அது வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வாண்டு டிசம்பரில் திருத்தம் வெளியாயிற்று. கரண்டிகளை எறிந்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்தனர் என்பது வேறு கதை. அதே மாதத்தில் அவ்விதழ் தரக்குறைவை முன்னிட்டு 'வெப் ஆஃப் சயின்ஸ்' அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வொரு பிழைக்காக அது நீக்கப்பட்டதாகக் கருதலாகாது. கட்டுரை முழுவதும் நம்பத்தகாதது என்று கண்டு விலக்கிக்கொள்வது மீளப்பெறுதல். திருத்தம் அதனினும் வேறானது. திருத்திக்கொண்ட கட்டுரையை இழிவாகப் பார்க்கும் மனப்பான்மை பிழையை மறைக்கவே தூண்டும்.

ஆய்வுக் குறிப்பு, தரவுக் கட்டுரை, கருத்துரை, முன்பதிப்பு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்லலாம். குறிப்பு என்பது அவசரமான ஒரே கண்டுபிடிப்பை இரண்டு மூன்று பக்கத்தில் தருவது, தரவுக் கட்டுரை முடிவு எதுவும் கூறாமல் அளவீடுகளைப் பிறர் பயன்படுத்தும்படி ஒழுங்குபடுத்தி அளிப்பது, கருத்துரை வாதம், முன்பதிப்பு மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவில் வைக்கப்படும் படி. இவற்றைவிட இப்பகுதிக்கு நெருக்கமானவை இதழ்களிலேயே வராத எழுத்துகள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அறிக்கைகள், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைப் பதிவுகள், பல்கலைக்கழக அலமாரியில் உறங்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகள், ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் திட்ட மதிப்பீட்டு ஆவணங்கள் ஆகியன இவ்வகையைச் சேரும். வெளியார் மதிப்பாய்வு இல்லாதவை என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் ஒரே கிணற்றை ஆண்டுதோறும் அளக்கும் பொறுமை அரசுத் துறைக்கு மட்டுமே இருக்கிறது. மூன்றாண்டு நிதியில் இயங்கும் ஆய்வுக் குழுவுக்கு அது வாய்ப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில், பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் எதையும் வெளியிடும் இதழ்கள், இதழ்க் கட்டுரையின் உடையை அணிந்தே வருகின்றன. அவற்றை வடிகட்டப் பல்கலைக்கழக மானியக் குழு பேணிவந்த இதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், இனி வடிகட்டும் பொறுப்பு கல்லூரிகளின் தலையிலும் வாசகரின் தலையிலும் விழுகிறது.

வாணியாற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றைக் கூட்டிப் பார்த்தால், இருப்பதை அளந்து காட்டும் கட்டுரைகளே மிகுதியாகக் கண்ணில் படுகின்றன. தீர்வை நோக்கியவையும் உண்டு: இளங்கோ குழுவினர் 2016இல் நல்கொண்டா மாவட்டத்தின் ஒரு பகுதி, பாம்பாற்று வடிநிலம், வாணியாற்று வடிநிலம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, மழைநீரைத் திட்டமிட்டு நிலத்துக்குள் செலுத்திப் புளோரைடை நீர்க்கச் செய்வதைப் பரிந்துரைத்தனர். குறைவாக இருப்பது செய்த ஒன்றின் விளைவை ஆராயும் கட்டுரை, அதாவது முன்பின் ஒப்பீட்டு ஆய்வு. அதற்கான வாய்ப்பு இம்மாவட்டத்தில் அரிதாக அமைந்திருக்கிறது. ஒகேனக்கல் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாயில் வரத் தொடங்கியது. நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிவதால், அதன் பின் நீர் மாறினாலும் பல்லில் பதிந்த கறை மாறுவதில்லை. ஒவ்வொருவர் பல்லும் அவர் சிறுவயதில் குடித்த நீரின் பதிவேடாக நிற்கிறது. ஆகவே 2013க்கு முன் எட்டு வயதைக் கடந்தவர்களையும், அதன் பின் பிறந்து இப்போது முன்பற்கள் முளைத்துவிட்ட பிள்ளைகளையும், ஒரே ஊரில், ஒரே தெருவில், இயன்றால் ஒரே குடும்பத்தில் டீன் அளவுகோலால் ஒப்பிடலாம். காவிரி நீர் நாள்தோறும் வந்த ஊர், விட்டுவிட்டு வந்த ஊர், குடிக்கக் காவிரியும் சோறாக்கப் போர்த் தண்ணீரும் வைத்துக்கொண்ட வீடு, கேன் தண்ணீருக்கு மாறிய வீடு ஆகியவற்றைப் பிரித்தறியாவிட்டால் அந்த ஒப்பீடு பயன்தராது; ஆகவே பல் மருத்துவரோடு, அந்தந்த ஊராட்சியில் குழாய் திறப்பவரின் நினைவும் மின்மோட்டாரின் பதிவேடும் ஆய்வுக்குத் தேவைப்படும். கறை குறையவில்லை என்று முடிவு வந்தால் அதையும் வெளியிட்டாக வேண்டும், ஏனெனில் எந்த வீட்டில் குறையவில்லை என்ற விவரமே அடுத்த குழாயை எங்கே போடுவது என்று சொல்லும்.